பற்றரி இல்லாமல் ஓடும் மணிக்கூடு: குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடக்கிற்குக் கொண்டுபோகக்கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்களும், ஜாம் போத்தலில் திரி போட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் படித்தவர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நாட்களில் பற்றரி தீர்ந்துபோன கைமணிக்கூடு வெறும் அலங்காரப் பொருள்தான். காலையில் சாவி கொடுக்கும் பழைய மணிக்கூடுகளுக்கும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கட்டிக்கொண்டு வந்த சீக்கோ, சிற்றிசன் ஓட்டோமற்றிக் மணிக்கூடுகளுக்கும் அந்தக் கவலை இருக்கவில்லை. கை ஆடினால் அவை ஓடின.

இன்று பற்றரிக்குத் தட்டுப்பாடு இல்லை. நேரம் பார்க்கக் கைத்தொலைபேசி இருக்கிறது. இருந்தும் ஓட்டோமற்றிக் மணிக்கூட்டின் மீது, குறிப்பாக இளையவர்களிடம், ஆசை திரும்பியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வரும் அண்ணா "உனக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்டால் ஒரு நல்ல மணிக்கூடு என்று பதில் வருகிறது. முதற் சம்பளத்தில் தகப்பனுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த ஆசையை வைத்தே ஏமாற்றும் சந்தையும் வளர்ந்திருக்கிறது. முகநூல் விளம்பரத்தில் பளபளக்கும் பல்லும் சக்கரமுமாகத் தெரியும் மணிக்கூடு, நடைபாதையில் விற்கும் போலி றோலெக்ஸ், புதுசாக்கிய பழைய சீக்கோ என்று ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஏமாற வழிகள் பல. ஆகவே காசு எதற்குப் போகிறது, எதற்குப் போகக்கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நேரம் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் இயந்திர மணிக்கூடு வாங்காதீர்கள். 1989 இல் வந்த கசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரு பற்றரியில் ஏழு வருடம் வரை ஓடும் என்று நிறுவனமே சொல்கிறது. சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு ஒரு மாதத்தில் 15 அல்லது 20 செக்கன்தான் பிசகும். நல்ல ஓட்டோமற்றிக் ஒன்று அவ்வளவையும் ஒரே நாளில் பிசகலாம். விலையிலும் துல்லியத்திலும் குவாட்ஸை அது வெல்லவே முடியாது. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்ற முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டபோதே அந்தப் போட்டி முடிவாகிவிட்டது.

பிறகு எதற்காக வாங்குவது? கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, தேய்ந்த பாகத்தை மாற்றி மீண்டும் ஓடவைக்கக்கூடிய பொருள் என்பதற்காக. முப்பது, நாற்பது வருடங்களுக்கு முந்திய சீக்கோ ஒன்று இன்று ஓடுகிறதென்றால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. இயந்திரம் எளிமையானது, பாகங்கள் கிடைக்கின்றன, திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஓடுகிறது. குறைந்த விலையில் நல்ல மணிக்கூடு தேடுபவர் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். சாவி கொடுக்கும்போது மெல்லிய உருக்குச் சுருள் ஒன்று இறுகுகிறது. அது தளரும் விசை பற்சக்கரங்கள் வழியாகப் போய் ஒரு சிறிய சக்கரத்தை ஊஞ்சல்போல அங்குமிங்கும் ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் பற்சக்கரங்களை அளந்து அளந்து நகரவிடுகிறது. காதில் கேட்கும் 'ரிக் ரிக்' ஓசை அதுதான். ஓட்டோமற்றிக் என்றால், கை அசையும்போது சுழலும் அரைவட்ட எடை ஒன்று அந்தச் சுருளைத் தானாகவே இறுக்கும். குறைந்த விலை யப்பான் இயந்திரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 21,600 தடவை, அதாவது செக்கனுக்கு 6 தடவை துடிக்கின்றன. ஒரு நாளைக்கு 518,400 துடிப்பு. ஒரு நாளில் இருப்பது 86,400 செக்கன். அதில் 20 செக்கன் பிசகினால் அது நூற்றுக்கு ஒரு வீதத்தில் ஐம்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே கூட. வேறெந்தப் பற்றரியும் இல்லாமல், உருக்கும் பித்தளையும் மட்டும் செய்யும் வேலை என்று பார்த்தால் அது குறையல்ல.

டயலில் '21 ஜுவல்ஸ்', '24 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். இவை நகைக்கடைக் கல் அல்ல. உராய்வைக் குறைக்க அச்சுகளின் முனையில் பொருத்தப்படும் செயற்கை மாணிக்கத் துண்டுகள். ஓட்டோமற்றிக்கில் இருபத்துச் சொச்சம் போதும். எண்ணிக்கை கூடக்கூட மணிக்கூடு பெறுமதியானது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இனி வாங்கும் கதைக்கு வருவோம். நம் ஊர்களில் ஓட்டோமற்றிக் என்றவுடன் பலருக்கு நினைவு வருவது சீக்கோ 5 தான். 1963 இல் யப்பானில் அறிமுகமானது. அந்த ஐந்து எதைக் குறிக்கிறது என்று பலருக்குத் தெரியாது. தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரிவது, நீரைத் தாங்குவது, சாவித் திருகு கையில் குத்தாமல் நாலு மணிப் பக்கத்தில் பதிந்திருப்பது, உறுதியான கூடும் சங்கிலியும் என்ற ஐந்து வாக்குறுதிகள் அவை. இதற்குள் இருந்த கெட்டித்தனம் 1959 இல் சீக்கோ உருவாக்கிய 'மஜிக் லீவர்' என்ற சிறு கவைத் துண்டு. எடை எந்தப் பக்கம் சுழன்றாலும் சுருளை இறுக்கும். பாகங்கள் குறைவு, ஆகவே விலையும் குறைவு, பழுதும் குறைவு. பாலைவனத்துப் புழுதியிலும் வெயிலிலும் வேலை செய்தவர்களின் கைகளில் அது தாக்குப்பிடித்ததற்கு இந்த எளிமையே காரணம்.

சீக்கோவைத் தொடங்கிய கின்ராறோ ஹத்தோரி பற்றி ஒரு செய்தி. 1881 இல் தோக்கியோவில் சிறு கடையாகத் தொடங்கிய அவரது தொழில் 1923 செப்டெம்பர் நிலநடுக்கத்தோடு வந்த தீயில் சாம்பலானது. திருத்தக் கொடுத்திருந்த வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 1,500 மணிக்கூடுகளும் எரிந்துபோயின. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, இழந்தவர்களை அழைத்து, ஒவ்வொருவருக்கும் அதே தரத்தில் புதிய மணிக்கூடு கொடுத்தார். எல்லாவற்றையும் இழந்தவன் முதலில் மற்றவரின் இழப்பை ஈடுசெய்தான் என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். மணிக்கூடு வாங்குவதற்கு இதைத் தெரிந்திருக்கத் தேவையில்லைதான்.

வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டியது இயந்திரத்தின் பெயர். டயலில் இருக்கும் பெயரைவிட இது முக்கியம். சீக்கோ 5 இல் 1996 முதல் நீண்டகாலம் இருந்தது 7எஸ்26 என்ற இயந்திரம். அதற்குத் திருகால் சாவி கொடுக்க முடியாது. கையை ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். திருகைப் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு "பழுது" என்று ஒதுக்கிவைத்த மணிக்கூடுகள் ஏராளம். 2019 இல் புதுப்பித்து வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் 4ஆர்36 இருக்கிறது. இதற்குக் கையாலும் சாவி கொடுக்கலாம். திருகை இழுத்தால் செக்கன் கம்பி நிற்கும் என்பதால் நேரத்தைச் சரியாக ஒத்துவைக்கவும் முடியும். முழுச் சாவியில் 41 மணித்தியாலம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு பகலில் நின்றுவிடும், அவ்வளவுதான்.

இதே குடும்பத்து இயந்திரத்தை என்.எச்.35, என்.எச்.36 என்ற பெயர்களில் சீக்கோ மற்ற நிறுவனங்களுக்கும் விற்கிறது. 35 இல் திகதி மட்டும், 36 இல் கிழமையும் சேர்ந்து இருக்கும். சீனாவில் செய்யப்படும் பல புதிய மணிக்கூடுகளுக்குள்ளும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு நிறுவனங்கள் பல மடங்கு விலையில் விற்கும் மணிக்கூடுகளுக்குள்ளும் இருப்பது இதுதான். குவாட்ஸால் பெயர் பெற்ற கசியோ கூட 2025 இல் எடிஃபிஸ் வரிசையில் முதன்முதலாக ஓட்டோமற்றிக் ஒன்றை விட்டபோது உள்ளே வைத்தது என்.எச்.35 தான். இந்த இயந்திரம் தனியாகவே ஏறத்தாழ 40, 50 டொலருக்குக் கிடைக்கிறது. ஆகவே பத்து வருடம் கழித்துப் பழுதானாலும், திருத்தும் கூலியைவிட இயந்திரத்தையே மாற்றிவிடுவது மலிவாக இருக்கலாம். இது ஒரு பெரிய பாதுகாப்பு.

சிற்றிசன் பக்கத்தில் இதற்குச் சமமானது மியோட்டா 8200 வரிசை. மியோட்டா என்பது சிற்றிசனின் இயந்திரப் பிரிவு. 1970களின் பிற்பகுதியில் இருந்து அதே அடிப்படையில் செய்துவருகிறார்கள். எடை ஒரு பக்கம் சுழலும்போதுதான் சாவி ஏறும். மறுபக்கம் சும்மா சுழலும்போது 'கிர்' என்று ஒரு ஓசையும் கையில் மெல்லிய அதிர்வும் தெரியும். புதிதாக வாங்கியவர்கள் பயந்து கடைக்கு ஓடுவார்கள். அது பழுதல்ல. மூன்றாவது ஓரியன்ற். 1950 இல் தொடங்கிய இந்த நிறுவனம் இன்று சீக்கோ எப்சனின் கைக்குள் இருந்தாலும் தன் இயந்திரங்களைத் தானே செய்கிறது. கலியாணவீட்டுக்குக் கட்டத்தக்க அடக்கமான மணிக்கூடு வேண்டுமென்றால் ஓரியன்ற் பம்பினோவைப் பாருங்கள். என் கணக்கில் இந்த விலையில் அதைவிட வடிவான டயல் இல்லை.

விலை? சிற்றிசன், ஓரியன்ற் ஓட்டோமற்றிக்குகள் வெளிநாட்டில் பொதுவாக 150 முதல் 250 டொலர் வரை. சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் 250 முதல் 350 வரை. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 45,000 ரூபாவில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டும். உறவினர் ஒருவர் கையில் கட்டிக்கொண்டு வருவதற்கும், இங்கே வரி கட்டி இறக்கி விற்கும் கடையில் வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரு லட்சம் கொடுத்துக் கட்டாயம் வாங்க வேண்டிய பொருளா இது என்று கேட்டால், இல்லை. கடன்பட்டு, அடகு வைத்து வாங்குவது மடமை. ஆனால் வாங்குவதென்று தீர்மானித்தவர் மேலே சொன்ன மூன்று குடும்பத்து இயந்திரங்களில் ஒன்றையே தெரிந்தெடுத்தால் காசு வீண்போகாது.

சுவிஸ் மணிக்கூட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவிஸில் செய்தது என்று டயலில் போடுவதற்கு, 2017 முதல் உற்பத்திச் செலவின் 60 வீதமாவது அந்நாட்டில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். மிகுதி எங்கிருந்தும் வரலாம். ரிஸ்ஸோ நிறுவனத்தின் பவர்மற்றிக் 80 போன்றவை 80 மணித்தியாலம் ஓடும் நல்ல மணிக்கூடுகள்தான். விலை யப்பான் மணிக்கூட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு. சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் அங்கிருந்து வாங்கிக் கொடுத்தால் மகிழ்ச்சி, ஆனால் திருத்த வேண்டி வந்தால் அங்கேயே திருப்பி அனுப்பும் நிலை வரலாம். சுவாச் நிறுவனம் 2013 இல் அறிமுகப்படுத்திய சிஸ்டம்51 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 51 பாகம், முழுவதும் இயந்திரங்களே பொருத்துகின்றன, 90 மணித்தியாலம் ஓடும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அற்புதம். ஆனால் அடைத்து மூடிய மணிக்கூடு. பழுதானால் கழற்றித் திருத்த வழியில்லை. நமக்கு அது சரிவராது.

பத்து, இருபது டொலருக்கு விற்கும் ஓட்டோமற்றிக்குகளின் கவர்ச்சி, முகத்தில் ஓட்டை வைத்து உள்ளே ஆடும் சக்கரத்தைக் காட்டுவதுதான். உள்ளே இருக்கும் இயந்திரத்தில் பெயரும் இருக்காது, இலக்கமும் இருக்காது. நின்றுவிட்டால் பாகம் தேட வழியில்லை. விற்பவரிடம் "இதில் என்ன இயந்திரம்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். போலி றோலெக்ஸ் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதைக் கட்டுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும்.

நான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வது 'புதுசாக்கிய' பழைய மணிக்கூடுகளில். இணையத்தில் இந்தியாவில் இருந்து பழைய சீக்கோ 5, சிற்றிசன், எச்.எம்.ரி, ஃபாவ்ர் லூபா மணிக்கூடுகள் கொள்ளை மலிவில் வரும். உலகெங்கும் சேகரிப்பவர்கள் இவற்றுக்கு மும்பாய் ஸ்பெஷல் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லவையும் உண்டு. ஆனால் பல, நாலைந்து செத்த மணிக்கூடுகளின் பாகங்களைப் பொறுக்கி ஒன்றாக்கியவை. கூடு தேய்ந்து எழுத்து அழிந்திருக்கும், டயல் மட்டும் நேற்று அச்சிட்டதுபோல மினுங்கும். செம்மஞ்சள், கிளிப்பச்சை என்று அந்த நிறுவனம் ஒருபோதும் விடாத நிறங்களில் இருக்கும். எழுத்துகளின் விளிம்பைப் பெருப்பித்துப் பார்த்தால் மை பரவியிருக்கும். மூன்று கம்பிகளும் மூன்று மணிக்கூட்டில் இருந்து வந்தவைபோல இருக்கும். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் படம் அனுப்பச் சொல்லுங்கள். துரு தெரிந்தாலோ, அனுப்ப மறுத்தாலோ விட்டுவிடுங்கள்.

எச்.எம்.ரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1961 இல் பெங்களூரில் சிற்றிசனின் தொழில்நுட்ப உதவியோடு இந்திய அரசு தொடங்கிய மணிக்கூட்டுத் தொழில் அது. ஜனதா, பைலற் என்ற கையால் சாவி கொடுக்கும் மாதிரிகள் மெல்லியவை, எளியவை, திருத்த இலகுவானவை. 2016 இல் அந்த நிறுவனத்தை மூட அரசு தீர்மானித்தது. அதன் பிறகுதான் ஆசைப்படுபவர்கள் கூடினார்கள், போலி டயல்களும் பெருகின. உண்மையான ஜனதா ஒன்று கிடைத்தால் தினமும் காலையில் சாவி கொடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதைவிட மலிவான நல்ல இயந்திர மணிக்கூடு இல்லை.

வாங்கிய மணிக்கூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நாமேதான். பின்மூடியில் 30 மீற்றர் என்று இருந்தால் 30 மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமல்ல. கைகழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. நீந்துவதற்கு 100 மீற்றராவது வேண்டும். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பவர், களப்பில் இறங்கித் தொழில் செய்பவர் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். பழைய மணிக்கூட்டின் றப்பர் வளையம் காய்ந்திருக்கும் என்பதால் அதில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் காட்டக்கூடாது. மண்வெட்டி பிடிக்கும்போதும் சுத்தியல் அடிக்கும்போதும் கழற்றி வையுங்கள். ஓட்டோமற்றிக் ஒன்று திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மேல் வைத்தால் போதும். திருத்துபவர் ஒரு சிறு கருவியில் காட்டி ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார், அதற்கு முழுச் சேர்விஸ் காசு கொடுக்காதீர்கள். பழைய பிளாஸ்ரிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தாலே தெளியும்.

இன்னொன்று, இரவு ஒன்பது மணிக்கும் விடிய மூன்று மணிக்கும் இடையில் திகதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் திகதிச் சக்கரத்தை உள்ளே பற்கள் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் வெளியில் இருந்து திருகினால் பல் முறியும். நேரத்தைத் திருப்புவது வேறு, திகதியைத் திருப்புவது வேறு. நேரம் திருப்புவதில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே இருந்தது. ஓமந்தையைக் கடந்தவர்கள் அடையாள அட்டையோடு அரை மணித்தியாலத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் கடந்தார்கள். "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போகமுடியாது. அப்படி எத்தனை தடவை திருகைத் திருப்பியும் கெடாமல் ஓடிய மணிக்கூடுகள்தான் இன்று பல வீட்டு அலுமாரிகளில் நின்றுபோய்க் கிடக்கின்றன.

புதிது வாங்குவதற்கு முன் அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இடம்பெயர்வுகளில் நகையும் உறுதிப் பத்திரமும் போன வீடுகளிலும் ஒரு மணிக்கூடு எப்படியோ தப்பி வந்திருக்கிறது. நின்றுபோன மணிக்கூடு செத்த மணிக்கூடு அல்ல. உள்ளே விட்ட எண்ணெய் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே அதை ஆட்டி ஆட்டி ஓடவைக்க முயலாதீர்கள், காய்ந்த அச்சுத் தேயும். நல்ல திருத்துபவரிடம் கொடுத்து முழுவதும் கழற்றிக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். புது மணிக்கூட்டின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு சிறியது. ஊர்களில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் வயதானவர்கள். பழக இளையவர்கள் குறைவு. கைநடுக்கம் வரமுன் அவர்களிடம் கொண்டுபோங்கள்.

வீட்டுச் சீக்கோவின் வயதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பின்மூடியில் ஒரு நாலிலக்கத்தில் தொடங்கும் எண் இருக்கும். 7009, 6119 என்பதுபோல. அது இயந்திரத்தின் எண். இன்னொன்று ஆறு இலக்கத் தொடர் எண். அதன் முதல் இலக்கம் செய்த ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். ஒக்டோபருக்கு ஆங்கில ஓ அல்லது பூச்சியம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 82 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஓர் ஆண்டின் பெப்ரவரி. அது 1978 ஆ 1988 ஆ என்பதை இயந்திர எண்ணைக் கொண்டு ஊகிக்கலாம். தகப்பன் எந்த வருடம் சவூதிக்குப் போனார் என்பதைக் கொண்டும் சொல்லலாம். கிழமை காட்டும் சாளரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தோடு அரபு எழுத்திலும் கிழமை வந்தால் அது அங்கிருந்து வந்த மணிக்கூடுதான். அந்தச் சந்தைக்கென்றே அப்படிச் செய்தார்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மணிக்கூடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். திருத்தக் கொடுக்க முன் முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து, இரண்டு எண்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சங்கிலியின் நீளத்தை மாற்றாதீர்கள். எத்தனை கண்ணி கழற்றியிருக்கிறது என்பதில் அவருடைய மணிக்கட்டின் அளவு இருக்கிறது. கூட்டில் உள்ள கீறல்களும் அவர் கையில் விழுந்தவைதான். திருத்துபவர்கள் நல்லெண்ணத்தில் கூட்டை மினுக்கி, டயலைப் புதுசாக்கிக் கொடுத்துவிடுவார்கள். அது அவர்களின் தொழிற்பெருமை. பிறகு வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்து "இது அவற்றை மணிக்கூடு மாதிரி இல்லை" என்று நிற்பார்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், ஆகவே சிறு துண்டில் எழுதி மணிக்கூட்டோடு கட்டிக் கொடுங்கள்: கழுவி எண்ணெய் மட்டும் விடவும், கூட்டை மினுக்க வேண்டாம், டயலும் கம்பிகளும் மாற்ற வேண்டாம், கழற்றும் பழைய பாகம் எல்லாம் திருப்பித் தரவும்.